வேன் பின்னால் வரக்கூடாது: சென்னை – கன்னியாகுமரி சைக்கிள் பயணமும் உதவிக் குழுவும்

சென்னையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகக் கிளம்பும் குழுக்கள் எந்த சைக்கிள், எந்த கியர் என்றுதான் பேச்சை ஆரம்பிக்கின்றன. கூட வரும் வண்டி எங்கே நிற்கும் என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முன்னால் சைக்கிள்கள், பின்னாலேயே இண்டிகேட்டர் போட்டபடி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வரும் வேன் என்ற ஏற்பாடு பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதைச் செய்யவே கூடாது. பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு வேன் மட்டும்தான் தெரியும், அதன் முன்னால் போகும் ஆட்கள் தெரியமாட்டார்கள். வேனை முந்திவிட்டு அவர் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கும் இடத்தில்தான் சைக்கிள்கள் இருக்கும்.

வண்டி முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும். 25 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம், வெயில் ஏறிய பிறகு 15 கி.மீ.க்கு ஒன்று. கடைசி ஆள் வந்து தண்ணீர் பிடித்துக் கிளம்பிய பிறகே வண்டி நகர்ந்து, எல்லோரையும் தாண்டி அடுத்த இடத்துக்குப் போகும். வளைவிலும் பாலத்தின் முனையிலும் நிறுத்தக்கூடாது, நான்கு சக்கரமும் தாரை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் கிடைத்தால் அதுவே சிறந்த இடம். நிழலும் இடமும் இருக்கும், கழிப்பறையும் இருக்கும். குழுவில் பெண்கள் இருந்தால் இதை முதல் நாள் இரவே வரைபடத்தில் குறித்துவைப்பது கட்டாயம்.

பின்னால் வர வேண்டியது ஒரு மனிதர். குழுவிலேயே நிதானமான, நன்றாக மிதிக்கக்கூடிய ஒருவரைக் கடைசி ஆளாக வைக்க வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. அவரிடம் இரண்டு டியூப், பம்பு, முதலுதவிப் பை, வண்டிக்காரரின் எண் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் தலை எண்ண வேண்டும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை மட்டும் நம்பினால் மதியத்துக்குள் பாதிப் பேரின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

15 பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மூட்டை முடிச்சுக்கும் திரும்பி வரும்போது சைக்கிள் ஏற்றவும் ஒரு மினி லாரி, தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளவும் ஒரு வேன். ஓட்டுநர்கள் போக ஒரு மெக்கானிக், உணவைப் பார்த்துக்கொள்ள ஒருவர். சாலையில் 15 பேரும் ஒரே கூட்டமாகப் போகக்கூடாது. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஒற்றை வரிசையில், கூட்டங்களுக்கு நடுவே ஒரு லாரி நுழைந்து வெளியேறும் அளவு இடைவெளி விட வேண்டும்.

பாதை மொத்தம் 750 முதல் 800 கி.மீ. ஆறு நாட்களாகப் பிரிக்கலாம்: புதுச்சேரி, காரைக்கால், பட்டுக்கோட்டை, ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி. முதல் நாள் மட்டும் 150 கி.மீ.யைத் தொடும், மற்ற நாட்கள் 120, 130 என்று இருக்கும். மூன்றாம் நாள் அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டைக்கு 12 கி.மீ. உள்ளே போவது தங்கும் இடத்துக்காகத்தான்.

ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடித்துத் தெற்கே போகிறவரின் முதுகைத் தள்ளும். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குச் சாலை தென்மேற்காகத் திரும்பும்போது அந்தக் காற்றின் அருமை புரியும். இதே பாதையில் ஜூன், ஜூலையில் இறங்கினால் எதிர்க்காற்று. கூடங்குளம் பக்கம் அத்தனை காற்றாலைகள் காரணமில்லாமல் நிற்கவில்லை. ஜனவரியிலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பொங்கலை ஒட்டிய நாட்களில் சிற்றூர்களில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் விடியும் முன்பே நடந்துகொண்டிருக்கும், அங்கே இருட்டில் வேகமாகப் போகக்கூடாது.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு மணிக்கு 700 மி.லி., ஆறு மணி நேரம், 15 பேர் என்றால் 63 லிட்டர். 20 லிட்டர் கேன் நான்கு இருந்தால் முகம் கழுவவும் மிஞ்சும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் குமட்டலும் வரும், வெயில் தாக்கியது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பொட்டலத்தை 750 மி.லி. பாட்டிலில் கொட்டுவது. கரைசல் கெட்டியாகி வயிற்றைக் கலக்கும். ஐந்து லிட்டர் கேனில் ஐந்து பொட்டலம் கலந்து, அதிலிருந்து பிடித்துக் கொடுப்பதே சரி. அன்றைக்குக் கலந்ததை மறுநாள் வைத்துக்கொள்ளக்கூடாது. சாப்பிட வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை. முதல் நிறுத்தத்திலிருந்தே மணிக்கு ஒரு முறை ஏதாவது உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் காலுக்குத் தெம்பு திரும்பி வர அரை மணி ஆகும்.

இந்தப் பாதையின் உண்மையான எதிரி சீமைக் கருவேலம். தொண்டி தாண்டியதிலிருந்து வேம்பார் வரை இரு பக்கமும் அதுதான். வெட்டிய கிளைகளை ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து முள் சாலை ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும். அதனால் அங்கே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போகக்கூடாது, மண்ணில் சைக்கிளை உருட்டவும் கூடாது. நிறுத்தத்தில் வண்டியை அடையும் கடைசிப் பத்தடிக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருவது மிகையான ஜாக்கிரதை இல்லை.

பஞ்சரானால் டியூபை மாற்றிவிட்டு உடனே கிளம்பினால் இரண்டு கி.மீ.யில் மறுபடி காற்று இறங்கும். முள்ளின் தண்டு உடைந்து விழுந்திருக்கும், நுனி டயருக்குள்ளேயே இருக்கும். டயரை முழுதாகக் கழற்றி உள்பக்கம் ஒரு பழைய பனியன் துணியைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். அதை வெளியிலிருந்து நோண்டாமல், உள்ளிருந்து இடுக்கியால் பிடித்து எடுக்க வேண்டும். டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்பதும் ஒரு செய்தி. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள். அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் கடித்திருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம்மின் உள்பக்கம் ஸ்போக்ஸ் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் துளை குத்துகிறது, அதைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் போகும். 28 மி.மீ. டயரில் 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.

ஒட்டும் வேலையைச் சாலையில் செய்ய வேண்டாம், டியூபை மாற்றிவிட்டு ஓட்டையானதை வேனில் போடுங்கள். மாலையில் மெக்கானிக் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு போகும் வரை காயவிட்டுப் பிறகு பேட்ச் வைக்கட்டும். ஈரமாக ஒட்டியது நடுவழியில் உரியும். ஆளுக்கு நான்கு டியூப் வேண்டும். டியூப்லெஸ் டயர் என்றால் கிளம்பும் முன்பு சீலண்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், நம் வெயிலில் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும். பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வு வைத்திருப்பவர்களுக்குப் பித்தளை அடாப்டர் அவசியம், வழியில் உள்ள காற்றுக் கடைகளின் குழாய் அதில் பொருந்தாது. வேனில் ஒரு ஸ்டாண்டு பம்பு இருக்கட்டும்.

எல்லாருக்கும் பொதுவாக வாங்க முடியாத ஒரு பாகம் பின் டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியைச் சைக்கிள் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு. சைக்கிள் வலப்பக்கமாக ஒரு முறை சாய்ந்தால் வளைந்துவிடும், மாடலுக்கு மாடல் வடிவம் வேறு. ராமநாதபுரத்தில் தேடினாலும் கிடைக்காது. அவரவர் தன் சைக்கிளுக்கானதை வாங்கி, பெயர் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும். அறுந்த செயினைச் சேர்க்கும் இணைப்புக் கண்ணியும் அப்படித்தான், 8 கியருக்கும் 11 கியருக்கும் அளவு வேறு. மாலையில் செயினைத் துணியால் துடைத்து, துளித்துளியாக எண்ணெய் விட்டு, மேலே வழிவதை மீண்டும் துடைப்பது தினசரி வேலை. உப்புக் காற்றும் மணலும் சேர்ந்தால் இரண்டே நாளில் கிறீச்சிடும்.

மலையே இல்லாத பாதை என்பதால் உடம்புக்கு எளிது என்று நினைக்கக்கூடாது. ஏற்றம் இருந்தால் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் இருப்போம். இங்கே நாள் முழுக்க ஒரே இருப்பு. மூன்றாம் நாள் சீட் புண்ணும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான் வருகின்றன. 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று இருபது மிதி மிதித்து உட்கார வேண்டும், கைப்பிடியைப் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போட்டால் தையல் அறுக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. ஒரே தடவையில் ஐந்து மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டாம்.

ஓட்டுநர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மிதிப்பவர்களுக்கு முன்பே நாலு மணிக்கு எழுந்து, பகல் முழுக்க நிறுத்தி நிறுத்தி ஓட்டி, இரவு கடைசியாகப் படுப்பவர்கள் அவர்கள். மதியம் எல்லோரும் அறைக்குப் போனதும் அவர்களுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் உறுதியாகக் கிடைக்க வேண்டும். மூட்டைகளை இறக்குவது மிதிப்பவர்களின் வேலையாகவே இருக்கட்டும்.

கன்னியாகுமரியில் படம் எடுத்து முடித்ததும் சைக்கிள்களை லாரியில் ஏற்றும் வேலை இருக்கிறது. முன் சக்கரத்தைக் கழற்றிப் பெயர்ச் சீட்டு கட்ட வேண்டும், பெடலையும் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். சைக்கிள்களை நிற்க வைத்து, ஒன்று இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தது அந்தப் பக்கம் பார்க்கும்படி அடுக்கி, நடுவில் அட்டையோ போர்வையோ கொடுத்துக் கயிறு கட்ட வேண்டும். கியர் பக்கம் கீழே வரும்படி எதையும் படுக்க வைக்காதீர்கள். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு இரவு ரயிலைப் பிடிக்கலாம்.