பிலடெல்பியாவில் ஒரு சோடா பாட்டிலும் ஓயாத வரிச் சண்டையும்

பிலடெல்பியாவுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதை முதலில் பார்ப்பது என்று ஒழுங்காக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த சோடா பாட்டில் கதையைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கம் வராது.

நியூயார்க்கிலிருந்து மலிவு பஸ். தாமதமாக வந்தது, ஏசி வேலை செய்யவில்லை, எங்களுக்குக் கிடைத்ததோ கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கை. நிலையம் என்று எதுவும் இல்லை. உச்சி வெயிலில் ஒரு நடைபாதை ஓரமாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே காத்திருந்த டாக்ஸிக்காரர் மீட்டர் போடாமல் 35 டாலர் என்றார். பத்து நிமிடப் பயணம்! பெட்டியை இறக்கி வைத்துவிட்டு டிப்ஸுக்காக நின்ற நிற்பு இருக்கிறதே, அதற்கே தனியாகக் கட்டுரை எழுதலாம். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை.

தொண்டை வறண்டு ஒரு கடையில் 20 அவுன்ஸ் சோடா எடுத்தேன். ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் வந்தது வேறு. இந்த ஊரில் இனிப்புப் பானத்துக்கு அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் வரி, 2017 முதல். அதாவது 30 சென்ட். அதற்கு மேல் 8 சதவீத விற்பனை வரி. விலையோடு வரியையும் சேர்த்து அச்சடித்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? ஓட்டல் அறைக்கு வரி 15 சதவீதத்துக்கும் மேல். பட்ஜெட் முதல் நாளே பல்லைக் காட்டிவிட்டது. (ஆறுதலாக ஒரு தகவல்: பென்சில்வேனியாவில் சாதாரண உடைகளுக்கு விற்பனை வரி இல்லை. ஊருக்குக் கொண்டுபோக டி-ஷர்ட் வாங்குகிறவர்கள் இங்கேயே வாங்கிவிடுங்கள்.)

நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகன்தான் கூட வந்தவன். பில்லைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான். “இந்த நாடே வரிக்கு எதிரா சண்டை போட்டு வந்ததுதான் மாப்ள. வாஷிங்டனும் ஜெஃபர்சனும் இதைப் பார்த்திருந்தா மறுபடி துப்பாக்கியைத் தூக்கியிருப்பாங்க.”

அங்கே பிடித்த வாக்குவாதம் ஊர் திரும்பும்வரை ஓயவில்லை.

இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்குக் கட்டணம் கிடையாது, நேரம் பதிவு செய்ய மட்டும் ஆளுக்கு ஒரு டாலர். 1776-இல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அறை. அதில் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மீது அடுக்கியிருக்கும் குற்றச்சாட்டுகள் 27. வரி அதில் ஒன்றே ஒன்று, அதுவும் எங்கோ நடுவில் வருகிறது. எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டாய் என்பதுதான் புகார், வரியே கூடாது என்பதல்ல. “பாஸ்டன்ல தேயிலையைக் கொட்டினாங்களே?” என்றான். 1773-இல் வந்த தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை விலை உண்மையில் இறங்கியது மச்சான், அப்படியும் 342 பெட்டியைக் கடலில் போட்டார்கள் என்றேன். விலை ஏறிவிட்டதே என்ற கோபம் மட்டும் என்றால் அது நடந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னேன். சுதந்திரப் போர் முடிந்த பிறகு மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. மாநிலங்களிடம் கேட்கலாம், அவர்கள் கொடுத்தால் உண்டு. பெரும்பாலும் கொடுக்கவில்லை. படைவீரர்களுக்குச் சம்பள பாக்கி, கடனுக்கு வட்டி பாக்கி. அதைச் சரிசெய்யத்தான் 1787-இல் இதே அறையில் திரும்பவும் கூடினார்கள். அங்கே எழுதிய அரசியலமைப்பில் காங்கிரஸின் (அவர்கள் நாடாளுமன்றம்) அதிகாரப் பட்டியலைப் பிரித்தால் முதல் அதிகாரமே வரி போடுவதுதான். மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பசிக்கிறது என்றான்.

ரீடிங் டெர்மினல் மார்க்கெட். தவறவே விடாதீர்கள். 1890-களில் ரயில் நிலையத்துக்குக் கீழே ஆரம்பித்த சந்தை, இன்றும் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். மெல்லிசாக நறுக்கிய பன்றி வறுவல், மேலே காரசாரமான ப்ரொவோலோன் சீஸ், லேசாகக் கசக்கும் கீரை, சாறு ஊறியும் பிய்ந்துபோகாத ரொட்டி. முதல் வாயிலேயே பஸ்ஸையும் டாக்ஸியையும் மன்னித்துவிட்டேன். பிறகு பென்சில்வேனியா டச்சுக்காரர்கள் (பெயர்தான் டச்சு, ஜெர்மன் வழி வந்தவர்கள்) கடையில் சூடான ஆப்பிள் டம்ப்ளிங், மேலே கிரீம் ஊற்றி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடை திறப்பதில்லை, அதைப் பார்த்துப் போங்கள். இந்தப் பில்லிலும் 8 சதவீதம் இருந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

சாப்பிட்ட தெம்பில் ஃபிராங்க்ளின் கோர்ட். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வீடு இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் வீட்டின் வடிவத்துக்கு இரும்புச் சட்டம் மட்டும் நிற்கிறது. 1765-இல் காகிதங்களுக்கு வரி போட்ட பிரிட்டிஷ் முத்திரைச் சட்டம் வந்தபோது லண்டனில் இருந்த இவர், எதிர்ப்பு எவ்வளவு பெரிது என்று புரியாமல், முத்திரைத்தாள் விற்கும் பதவியைத் தன் நண்பருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். இங்கே கூட்டம் வீட்டை நொறுக்கக் கிளம்ப, மனைவி டெபோரா துப்பாக்கியோடு உள்ளேயே இருந்து காத்தார். அதே ஃபிராங்க்ளின் 1783-இல் நாட்டின் நிதிப் பொறுப்பிலிருந்த ராபர்ட் மாரிஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்வது: பிழைப்புக்குத் தேவையானதுக்கு மேல் உள்ள சொத்தெல்லாம் சமூகத்தின் சட்டத்தால் வந்தது, அதில் பங்கு கேட்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு, பிடிக்காதவன் காட்டுக்குப் போய் வாழட்டும். இன்று அமெரிக்காவில் ஒருவர் மேடையில் இதைச் சொன்னால் கம்யூனிஸ்ட் என்பார்கள்.

என் கட்சிக்குப் பலம் சேர்த்தது, சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன்தான். 1785, பிரான்ஸில் ஃபோந்தேன்ப்ளோ அருகே நடந்து போகும்போது ஒரு கூலிக்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டே போகிறார். நாள் கூலி 8 சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு), இரண்டு குழந்தைகள், பல நாள் வேலையே கிடைக்காது. பிரியும்போது 24 சூ கொடுக்கிறார், அவள் அழுதுவிடுகிறாள். அன்று நண்பர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்த யோசனை: ஓர் அளவுக்குக் கீழே சொத்து உள்ளவர்களுக்கு வரியே வேண்டாம், மேலே போகப் போகப் பெருக்கல் கணக்கில் ஏற்றுங்கள். “அடிமை வச்சிருந்த ஆளு நியாயம் பேசுறாரா?” என்றான் மச்சான். அந்த அடி எனக்கு நன்றாகவே விழுந்தது. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணி மாநிலங்களுக்கு நேரடி வரியைப் பங்கிட அரசியலமைப்பில் எழுதி வைத்த கூட்டம்தானே இது.

நாட்டின் முதல் நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் வேறு ரகம். நுகர்பொருளுக்கு வரி போடு, எவ்வளவு கட்டுவது என்பது வாங்குகிறவன் கையில், ரொம்ப ஏற்றினால் விற்பனை குறைந்து வசூலும் குறையும், ஆகவே தானாகவே கட்டுக்குள் நிற்கும் என்பது அவர் வாதம். என் 30 சென்ட்டுக்குத் தாத்தா இவர்தான்.

அந்த வாதம் சட்டமான இடம் இண்டிபெண்டன்ஸ் ஹாலை ஒட்டியே இருக்கிற, அப்போது நாடாளுமன்றம் கூடிய காங்கிரஸ் ஹால். 1791, விஸ்கி வரி. இங்கேதான் எனக்குச் சூடேறியது. பெரிய வடிசாலைக்காரன் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு இஷ்டத்துக்குக் காய்ச்சலாம், காய்ச்சக் காய்ச்ச கேலனுக்கு வரி குறையும். மலைக்கு அந்தப்பக்கம் மேற்கு பென்சில்வேனியாவில் மிஞ்சின தானியத்தைக் காய்ச்சுகிற சின்ன விவசாயிக்குக் கேலனுக்கு அதிக வரி. அங்கே காசுப் புழக்கமே கிடையாது, விஸ்கியைத்தான் பண்டமாற்றுக்குக் கொடுத்தார்கள். வரியைக் காசாகக் கட்டு என்றால்? கட்டாதவன் வழக்குக்கு 300 மைல் தாண்டி பிலடெல்பியாவுக்கு வர வேண்டும். இரண்டு மணி நேர பஸ்ஸுக்கே நான் இவ்வளவு புலம்புகிறேன். 1794-இல் கலவரம், வரி அதிகாரியின் வீடு எரிந்தது. வாஷிங்டன் கிட்டத்தட்ட 13,000 பேர் படையோடு கிளம்பினார், ஹாமில்டனும் கூடவே. தண்டனை பெற்ற இருவரையும் வாஷிங்டனே பிறகு மன்னித்தார். ஜெஃபர்சன் ஆட்சிக்கு வந்ததும் 1802-இல் அந்த வரியை எடுத்தார்.

ஆக, எங்கள் இருவர் வாதமும் பாதிதான் நின்றது. வரியே வேண்டாம் என்று அந்தத் தலைவர்கள் யாரும் சொல்லவில்லை. யார் தலையில் கட்டுவது என்பதில்தான் அடிதடி. விஸ்கி வரியைப் பொறுத்தவரை நான் விவசாயிகள் கட்சி, இதில் மாற்றமில்லை.

பிட்ஸ்பர்க் வரை போய் கலவரம் நடந்த பக்கத்தையும் பார்ப்போம் என்றான் மச்சான். போக, வர, இரண்டு இரவு தங்க என்று கணக்குப் போட்டதும் அவனே விட்டுவிட்டான். அதற்குப் பதில் அடுத்த முறை வர்ஜீனியாவில் வாஷிங்டனின் பண்ணை வீடான மவுண்ட் வெர்னான் என்று முடிவு. அங்கே ஒரு வடிசாலையை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். விஸ்கிக்காரர்கள்மீது படையோடு போன அதே மனிதர், பதவியை விட்டு இறங்கிய 1797-இலேயே சொந்தமாக விஸ்கி காய்ச்ச ஆரம்பித்து, இரண்டே ஆண்டில் நாட்டின் பெரிய வடிசாலைகளில் ஒன்றாக்கிவிட்டார். பெரிய வடிசாலைக்கு வரி எப்படி என்று மேலே சொன்னேன் அல்லவா? மச்சானிடம் சொன்னேன். அவன் போனில் நுழைவுக் கட்டணத்தைத் தேடிக்கொண்டிருந்தான். “வரி சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேட்டேன்.