பச்சைக் கண்

"ஹாரிக்குப் பச்சைக் கண்ணுடி. படத்துல நீலம். எப்படி ஒத்துக்கிற?"

அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ்ஸில் ஏறிய இரண்டு பள்ளிப் பிள்ளைகள். அடிவாரம் வருவதற்குள் சண்டை முற்றிவிட்டது.

மற்றவள், "கண்ணு கலர்ல என்னடி இருக்கு?" என்றாள்.

இவள் பையிலிருந்து ஹாரி பாட்டர் புத்தகத்தை எடுத்தாள். முதுகில் செலோ டேப். ஓரம் மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, ஒரு வரியின் கீழ் விரலை வைத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தபோதும் அந்த விரல் நகரவில்லை.

நான் புத்தகத்தை நீட்டியவள் கட்சிதான். ஹாரிக்கு இருப்பது அவன் அம்மாவின் கண். கடைசிப் பாகத்தில் கதையே அதில்தான் நிற்கிறது. ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃபுக்குப் பச்சை லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, சரி. ஆனால் 2011 படத்தில் சிறுவயது அம்மாவாக வந்த பெண்ணுக்குப் பழுப்புக் கண்! அந்த இடத்திலாவது கவனித்திருக்க வேண்டாமா?

எல்லாமே புத்தகப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கதை தொடங்கும்போது ஹாரியின் ஆசிரியர் ஸ்னேப்புக்கு முப்பத்தொன்று வயதுதான். 2001இல் முதல் படம் வந்தபோது ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு 55. யாருக்காவது உறுத்தியதா? ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நிறுத்திப் பேசிய அந்தக் குரலே ஸ்னேப் ஆகிவிட்டது.

ஹாரி பாட்டரின் புதிய டிவி தொடரில் ஸ்னேப்பாக பாபா எஸ்ஸியேடு. 1990இல் பிறந்தவர். வயதில் ரிக்மனைவிடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். கறுப்பின நடிகரான அவருடைய தோல் நிறத்தை வைத்து வருகிற வசவுகளைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு அவர் குரலைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.