எனக்கு வந்த டிக்கி

போன மே மாதம் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தேன். வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடி அறை, ஒரு புரொஜெக்டர், "இதை ஏன் போன வாரமே சொல்லவில்லை?" என்று முகத்துக்கு நேரே கேட்கும் டச்சுக்காரர்கள். சொல்ல வந்தது வேறு. அந்த ஊரில் ஒருவனுக்கு நான் 6 யூரோ 15 சென்ட் கடன்பட்ட கதை.

தெரியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண். வயது 34. அக்காவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டில் குடும்பம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளிநாடு போனால் மற்றவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், பாலம் பார்ப்பார்கள். நான் கை பார்ப்பேன். எந்த இரண்டு ஆண்கள் கை கோத்துக்கொண்டு போகிறார்கள் என்று. ஆசியாவிலேயே முதலில், 2019இல், எங்களுக்குக் கல்யாண உரிமை கொடுத்த தைவானுக்குப் போய் தைபே தெருக்களில் நாள் முழுக்கக் கைகளைப் பார்த்தேன். சிங்கப்பூரில் எங்களைக் குற்றவாளிகளாக்கிய 377ஏ சட்டம் இருந்தபோதும் போயிருக்கிறேன், அதை எடுத்த பிறகும் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் தனியாகத்தான் சாப்பிட்டேன். நம் ஊரிலும் அதே கதைதான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொன்னபோது ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். 2023 அக்டோபரில் கல்யாண உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தபோது, "சரி, முதலில் மாப்பிள்ளை கிடைக்கட்டும், அப்புறம் கவலைப்படலாம்" என்று சாப்பிடப் போய்விட்டேன்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய அன்றே போனில், எங்களைப் போன்றவர்கள் ஜோடி தேடும் ஆப்பான கிரைண்டரைத் திறந்தேன். (அம்மாவுக்குக் கிரைண்டர் என்றால் மாவு அரைப்பது. அப்படியே இருக்கட்டும்.) நம் ஊரில் அதைத் திறந்தால் தலையில்லாத உடம்புகளாக வரும். ஒன்று மார்பு, இல்லாவிட்டால் சூரிய அஸ்தமனம். "ஹாய்" சொல்லி முடிப்பதற்குள் "ப்ளேஸ் இருக்கா?" என்று வந்துவிடும். இங்கே ஆளாளுக்கு முகம் இருந்தது. ஒருவன் பூனையோடு நின்றான், ஒருவன் பாட்டியோடு. பாட்டியோடு நின்றவனுக்குத்தான் மெசேஜ் போட்டேன். பாட்டிக்கு மரியாதை கொடுப்பவன் தப்பானவனாக இருக்க மாட்டான் என்று ஒரு கணக்கு.

ஆறடி நான்கு அங்குலம் இருப்பான். பெயர் வேண்டாம், நெட்டையன் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "வியாழன், 3:30 முதல் 5:00 வரை" என்று பதில் வந்தது. நான் கேட்டது திங்கட்கிழமை. டாக்டரிடம் டோக்கன் வாங்கியதுபோல் மூன்று நாள் காத்திருந்தேன்.

கால்வாய் ஓரத்தில் ஒரு சின்ன கஃபே. எனக்கு ஒரு காபி, அவனுக்கு ஒரு காபி, நடுவில் ஒரே ஒரு ஆப்பிள் பை, அதன் தலையில் ஒரு குன்று கிரீம், இரண்டு முள்கரண்டி. அந்த இரண்டாவது முள்கரண்டியைப் பார்த்ததும் எனக்குள் என்னென்னவோ ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரே தட்டு! நெட்டையன் நன்றாகப் பேசினான். 2001 ஏப்ரல் 1 அன்று உலகத்திலேயே முதலாவதாக இங்கே இந்தக் கல்யாணம் சட்டமானது, நள்ளிரவில் ஆம்ஸ்டர்டாம் மேயரே நான்கு ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார் என்றான். அவனுடைய மாமா ஒருவரும் மறு வருடமே இன்னொரு மாமாவைக் கட்டிக்கொண்டாராம். "இப்போது சந்தோஷமாக இருக்கிறார்களா?" என்று கேட்டேன். "2009இல் விவாகரத்து ஆகிவிட்டது, நாய் யாருக்கு என்று கோர்ட்வரை போனார்கள்" என்றான். எனக்கு அந்த விவாகரத்தின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

பில் வந்ததும் நான் பர்ஸை எடுத்தேன். அவன் தடுத்து, தன் கார்டைத் தேய்த்தான். அடடா என்று நினைத்துக்கொண்டேன். மணி 5:00. எழுந்தான், சைக்கிளில் ஏறினான், போய்விட்டான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மெசேஜ். "உனக்கு ஒரு டிக்கி அனுப்பியிருக்கிறேன்."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த டிக்கி இரண்டு. ஒன்று காருக்குப் பின்னால் இருப்பது. இன்னொன்றும் பின்னால் இருப்பதுதான். கஃபேயில் அவ்வளவு கண்ணியமாக இருந்தவன், பாட்டியோடு படம் போட்டவன், இப்படியா என்று ஒரு பக்கம் அதிர்ச்சி. இன்னொரு பக்கம், பொய் சொல்வானேன், ஓடிப்போய் அறையின் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். லிங்கைத் தட்டினேன்.

"காபி + அரை ஆப்பிள் பை: 6 யூரோ 15 சென்ட்."

டச்சுக்காரர்கள் பில்லைப் பங்கு போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் ஆப்பின் பெயர் டிக்கி என்று மறுநாள் ஆபீஸில் தெரிந்துகொண்டேன். அம்மாவே மகனுக்கு அனுப்புவாராம். அது அவமானமும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை, கணக்கு நேராக இருந்தால் மனசும் நேராக இருக்கும் என்று பக்கத்து சீட்டுக்காரர் விளக்கினார். எல்லாம் சரி. எனக்கு வலித்தது அந்த "அரை"யில்தான். படபடப்பில் நான் தின்றது இரண்டே வாய். கால் பங்குகூட வராது. மீதியை ஆறடி நான்கு அங்குலம்தான் தின்றது.

சரி, கொடுத்துத் தொலைப்போம் என்று பார்த்தால், உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாமல் அதில் பணம் கட்ட முடியவில்லை. வங்கிகளின் பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், என் வங்கி இல்லை. அப்போதுதான் தலையில் பல்பு எரிந்தது. "பணம் போகமாட்டேன் என்கிறது. நேரில் தரட்டுமா?" என்று கேட்டேன். கடன் என்று ஒன்று இருந்தால் ஆளைப் பார்க்க ஒரு சாக்கு இருக்கிறது அல்லவா?

"சனி, 2:00 முதல் 2:45 வரை. ஹோமோமோனுமென்ட்." எனக்கு ஞாயிறு காலை விமானம்.

ஹோமோமோனுமென்ட் என்பது வெஸ்டர்கெர்க் தேவாலயத்துக்குப் பக்கத்தில், கைசர்ஸ்கிராக்ட் கால்வாயை ஒட்டி, 1987இல் திறந்த நினைவுச் சின்னம். நாஜி முகாம்களில் ஆண்களை விரும்பிய ஆண்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்து அடையாளம் வைத்தார்கள். அதனால் இதுவும் இளஞ்சிவப்புக் கிரானைட்டில் மூன்று முக்கோணங்கள். ஒன்று திண்ணைபோல் உயர்ந்திருக்கும். ஒன்று தரையோடு தரையாக. மூன்றாவது படிகளாக இறங்கிக் கால்வாய்த் தண்ணீரைத் தொடும். நாற்பது நிமிடம் முன்னாலேயே போய்விட்டேன். தரையில் இருந்த முக்கோணத்தில் டச்சு மொழியில் ஒரு கவிதை வரி வெட்டியிருந்தது. போனைக் காட்டினேன். நட்புக்காக இப்படியோர் அளவில்லா ஏக்கம் என்று மொழிபெயர்த்தது. என்னுடைய ஏக்கத்துக்கு அளவு இருந்தது: 6 யூரோ 15 சென்ட்.

இடது பாக்கெட்டில் சரியான சில்லறை. அதைச் சேர்க்கவே பட்ட பாடு பெரும்பாடு, பாதிக் கடைகளில் கார்டு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வலது பாக்கெட்டில் ஒரு பத்து யூரோ நோட்டு. சில்லறையைக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். பத்தைக் கொடுத்தால் 3 யூரோ 85 சென்ட் அவன் எனக்குக் கடன். எதைக் கொடுப்பது என்று முந்தின ராத்திரி தூங்காமல் யோசித்த ஆள் நான். சிரிக்காதீர்கள்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன். "சரிம்மா... சரிம்மா... பாக்கலாம்மா" என்று மூன்று சொல்லில் முடித்து நிமிர்ந்தால், படிக்கட்டு முக்கோணத்தில் ஒரு குடும்பம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆன்ட்டி, அங்கிள், பதினாறு வயது மகள்.

"தம்பி தமிழா? குரலைக் கேட்டதும் நெனச்சேன்!"

டூர் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். முந்தின நாள் காற்றாலைகள், இன்றைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன் ஃபிராங்க் வீடு. அதற்கு ஆன்லைனில் மட்டும்தான் டிக்கெட் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்ததாம். அங்கிள் யாரிடமும் பேசாமல் தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டிக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. "இந்த எடம் நல்லா படித்துறை மாதிரி இருக்குல்ல தம்பி?" என்றார். மூன்றாவது நிமிடத்தில் என் வேலை, சம்பளம், நட்சத்திரம் எல்லாம் வாங்கிவிட்டார். நான்காவது நிமிடத்தில் அவருடைய அக்கா மகள் வந்தாள். எம்.டெக்., பெங்களூரில் வேலை, கொஞ்சம் கோபக்காரி, ஆனால் மனசு தங்கம். என் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் கொடுப்பார்கள்.

"ஆமா, இங்க எதுக்குப் பூ வெச்சிருக்காங்க?" கீழ்ப்படியில் வாடிக் கிடந்த பூங்கொத்துகளைக் காட்டினார்.

"நினைவுச் சின்னம் ஆன்ட்டி. போர்ல செத்தவங்களுக்கு."

"பட்டாளத்துக்காரங்களா?"

"இல்ல. சாதாரண ஜனங்கதான். முகாம்ல போட்டு..."

"எதுக்கு?"

எங்களைப் பற்றி மரியாதையாகப் பேசுவதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. மகிழ்ச்சியோடு முழுசாகப் படித்தவன் நான். அதில் ஒரு சொல்கூட அப்போது வாயில் வரவில்லை. "ஆம்பளை ஆம்பளையை விரும்பினதுக்கு ஆன்ட்டி" என்றேன். காது சூடாகிவிட்டது.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். முக்கோணத்தைப் பார்த்தார். "அதுக்குப் போயா?" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் குனிந்து, செருப்பு வாரைக் கழற்றி, இரண்டு செருப்பையும் படிக்கு வெளியே கொண்டுபோய் வரிசையாக வைத்துவிட்டு வந்தார். "ஏங்க, ஷூவக் கழட்டுங்க. சாமி மாதிரி எடம்." அங்கிள் லேஸோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். மகள் மட்டும் போனில் எதையோ படித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

சரியாக 2:00 மணிக்கு நெட்டையன் சைக்கிளை நிறுத்தினான். நேராக வந்து கன்னத்தில் முத்தம். வலது, இடது, மறுபடி வலது. அங்கே மூன்று என்பது எனக்குத் தெரியாது. இரண்டோடு முடிந்தது என்று ஆன்ட்டி பக்கம் திரும்பப் போக, மூன்றாவது வந்து என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

ஆன்ட்டி கண் இமைக்கவில்லை. "ஃப்ரெண்டா தம்பி? எவ்ளோ ஒசரம்! இங்க இப்படித்தான் வணக்கம் சொல்றாங்க போல." அவனுக்கும் கை குவித்தார். அவனும் குவித்தான். வெறுங்காலோடு நிற்கும் குடும்பத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டான், சொன்னேன். அவனும் ஷூவைக் கழற்றிவிட்டான். சாக்ஸில் கட்டை விரல் பக்கம் ஓட்டை. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வலது பாக்கெட்டில் கையை விட்டேன். பத்து யூரோ. அவன் வாங்கிக்கொண்டு தன் பாக்கெட்டுகளைத் தட்டிப் பார்த்தான். சில்லறை இல்லை. காசைக் கையால் தொட்டே பல மாதம் ஆகிறதாம். என் இடது பாக்கெட்டில் நாணயங்கள் குலுங்கிவிடாமல் அசையாமல் நின்றேன்.

"அப்படியானால் 3.85 நான் உனக்குத் தரவேண்டும்" என்றான், ரொம்பக் கவலையாக. போனை எடுத்து நாட்காட்டியைத் தள்ளிக்கொண்டே போனான். மே, ஜூன், ஜூலை. "மறுபடி எப்போது வருவாய்? அக்டோபரில் எனக்கு ஒரு வாரம் இருக்கிறது. நான்கூட அங்கே வரலாம்." அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். டச்சுக்காரன் நாட்காட்டியில் விளையாட மாட்டான்.

"தம்பி, ஒரு போட்டோ!" ஆன்ட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். போனைப் பிடித்திருந்த மகள், "அம்மா, நீ இந்தப் பக்கம் ஓரமா வா. அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கட்டும்" என்றாள். அப்படியே நின்றோம்.

2:45க்கு அவன் கிளம்பிவிட்டான். அதில் மாற்றமில்லை.

மறுநாள் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் செக்யூரிட்டி வரிசையில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் ஆன்ட்டி வந்தார். முதலில் அக்கா மகளின் ஜாதகம், பிடிஎஃப். அடுத்து அந்த போட்டோ. அங்கிள் ஒரு காலில் ஷூவோடு. நெட்டையன் கையில் இன்னும் என் பத்து யூரோ. மூன்றாவதாக ஒரு வாய்ஸ் மெசேஜ். "தம்பி, பத்திரமா போய்ச் சேருங்க. அந்த ஒசரமான பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாப்பா? நல்ல பிள்ளையா இருக்கான், செருப்பெல்லாம் கழட்டினான். வீட்ல பாத்துக்கிட்டு இருக்காங்களா?"

பெட்டியை பெல்ட்டில் வைத்துவிட்டு, ஒரு கையால் டைப் செய்தேன்.

"இன்னும் ஆகலை ஆன்ட்டி. பேச்சு நடந்துக்கிட்டு இருக்கு."