விடுதலைக்கு முன் கையில் ஆதார்: மனநோயுள்ள சிறைவாசிகளின் காகித வேலையில் தெரிந்துகொண்டவை

ரிமாண்டில் (விசாரணைக் காவலில்) வந்த முதல் வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டிய வேலை, சிறைவாசிக்கு ஆதாரும் மற்ற அடையாள அட்டைகளும் கிடைக்கச் செய்வது. பெரும்பாலும் விடுதலைக்கு முந்தின வாரம்தான் யாருக்காவது ஞாபகம் வரும். தண்டனைச் சிறைவாசிக்காவது ஒரு விடுதலைத் தேதி உண்டு. ரிமாண்டில் இருப்பவருக்குக் காலையில் பெயில் கிடைத்தால் சாயங்காலம் வெளியே. 18 வயது தாண்டியவருக்கு முதல்முறை ஆதார் பதிவு என்றால் மாநில அரசின் சரிபார்ப்பும் சேர்ந்து 180 நாள் வரை இழுக்கலாம். அதனால் மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு எழுதும்போதே "கையில் என்ன அட்டை இருக்கிறது" என்ற கேள்வியும் எழுதப்பட வேண்டும். வேலூர் மத்திய சிறை, பெண்கள் தனிச்சிறை இரண்டும் தொரப்பாடியில். அங்கிருந்து பாகாயம் மனநல மையமும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதிக தூரமில்லை. இந்த ஊரில் மருத்துவருக்குக் குறைவில்லை, ஆள் தடுக்கி விழுவது காகிதத்தில்தான்.

"ஆதார் இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்று பதில் வரும். அந்த "இல்ல"வை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். எடுக்கவே இல்லை என்பதற்கும் அந்தச் சொல்தான், இப்போது கையில் இல்லை என்பதற்கும் அதுவேதான். கைதின்போது சட்டைப் பையில் இருந்த பர்ஸ் எங்கே என்று கேளுங்கள். போலீஸ் எடுத்திருந்தால், கைப்பற்றிய சொத்துகளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் மற்ற சொத்துகளோடு நீதிமன்றம் போயிருக்கலாம், அல்லது ஸ்டேஷனிலேயே கிடக்கலாம். குற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-வது பிரிவில் சொத்தைத் திரும்பக் கேட்கும் மனு போட்டால் அட்டை வந்துவிடும். வழக்குக்கும் அடையாள அட்டைக்கும் சம்பந்தமில்லாதபோது இதில் பெரிய எதிர்ப்பு வருவதில்லை. வக்கீல் இல்லையென்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் பேசலாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவே அதைச் சொல்கிறது.

அட்டை வீட்டில் இருந்தால் மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) வருகிறவரிடம் நகல் கொண்டுவரச் சொல்லலாம். மனுவுக்கே யாரும் வராதவர் என்றால் நன்னடத்தை அலுவலரின் வீட்டு விசாரணை வரை காத்திருக்க வேண்டியதுதான். குடும்பம் கைவிட்டிருந்தாலும் ரேஷன் கார்டில் பெயர் மிச்சமிருக்கும். அந்தக் கார்டில் இவருடைய ஆதார் இணைந்திருக்கிறது என்றால் ஆதார் எடுத்தவர்தான் என்று தெரிந்துபோகும்.

இதையெல்லாம் பார்க்காமல் நேராகப் புதுப் பதிவு போட்டால் என்ன ஆகும்? கைரேகை ஏற்கெனவே உள்ள பதிவோடு பொருந்தி, இரட்டைப் பதிவு என்று தள்ளுபடியாகும். அது தெரியவரவே மாதங்கள் ஓடிவிடும். இந்த வேலையில் அதிக நாளைத் தின்பது இந்த ஒரு தவறுதான். எண் தொலைந்தவருக்குச் செய்ய வேண்டியது மீட்பு. இணையத்தில் மீட்க மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், சிறைக்குள் மொபைல் ஏது? ஆகவே பெயர், பிறந்த ஆண்டு, பின்கோடு இவற்றோடு விரல் ரேகையையும் வைத்து மையத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் கேட்க வேண்டும். பழைய பதிவுச் சீட்டு யாரிடமாவது இருந்தால் 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் கேட்டும் எண்ணைப் பெறலாம். சீட்டில் பதிவு எண் 14 இலக்கம், பக்கத்தில் தேதியும் நேரமும் இன்னொரு 14. இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே புதுப் பதிவுதான் என்றால் எல்லாம் பெயரில் தொடங்குகிறது. பதிவுக்கு ஆவணமே இல்லாத சிறைவாசிகளுக்காக, சிறை அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும் சிறை சேர்க்கை ஆவணத்தை ஆதார் ஆணையம் ஏற்றுக்கொள்கிறது. அது இ-பிரிசன்ஸ் என்ற சிறைப் பதிவு மென்பொருளிலிருந்து வருவது. மென்பொருளில் உள்ள பெயர் ரிமாண்ட் வாரண்டிலிருந்து வந்தது. வாரண்டில் உள்ள பெயர், கைதான இரவில், தன் பெயரையே மாற்றிச் சொல்லும் மனநிலையில் இருந்த ஒருவரிடம் கேட்டு எழுதியது. "குமார் (எ) சைக்கிள் குமார்" என்று இருக்கும். கவனிக்காமல் விட்டால் சைக்கிளும் ஆதாரில் ஏறிவிடும். தகப்பன் பெயரும் அப்படித்தான்: அண்ணன் பெயரைச் சொல்லியிருப்பார், அது த/பெ என்று பதிவாகியிருக்கும்.

வயதில் இன்னொரு கண்ணி. போலீஸ் காகிதத்தில் "32/21" என்று இருந்தால் 2021-இல் 32 வயது என்று அர்த்தம். கணினியில் ஏற்றுகிறவர் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்றைக்கு 32 என்று ஆகி, பிறந்த ஆண்டு தள்ளிப்போகும். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரு முறைதான் மாற்ற முடியும். பள்ளி மாற்றுச் சான்றிதழோ பழைய ஓட்டர் ஐ.டி.யோ கிடைத்தால் அதன்படி முதலில் சிறைப் பதிவைத் திருத்தக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். அந்தத் திருத்தம் ஆன பிறகு சேர்க்கை ஆவணத்தை எடுங்கள். வரிசை மாறினால் திருத்த வேண்டிய இடம் ஒன்றுக்கு மூன்றாகும்.

கெசடட் அதிகாரி கொடுக்கும் ஆதார் சான்றுப் படிவம் இன்னொரு வழி. ஒட்டிய படத்தின் குறுக்கே கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். தேதியிட்ட நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். சிறைக்குள் ஆதார் பதிவு கேம்ப் என்றைக்கு என்று தெரியாமல் முன்கூட்டியே வாங்கி வைத்தால் வீணாகிவிடும்.

விலாசக் கட்டத்தை ஆபரேட்டர் நிரப்பும்போது திரையைப் பாருங்கள். "மத்திய சிறை, தொரப்பாடி" என்று ஏறினால் வெளியே போய் வீடு தேடும்போதும் வேலை கேட்கும்போதும் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். வீட்டு விலாசத்துக்கு ஆதாரம் இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் சிறை விலாசம் போட்டால், விடுதலையானதும் மாற்ற வேண்டிய முதல் விஷயமாக அதை எழுதி வையுங்கள்.

பழைய வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்தைய காகிதங்களில் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, அரக்கோணம் எல்லாம் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். இருப்பிடச் சான்றுக்கு இ-சேவையில் அதை நம்பி வேலூரைத் தேர்ந்தெடுத்தால் அந்த வட்டத்தின் பெயரே பட்டியலில் வராது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூரில். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன.

மொபைல் எண் கட்டத்தில் உதவ வந்தவரின் எண்ணையோ வார்டர் (சிறைக் காவலர்) எண்ணையோ போடவே கூடாது. நல்ல எண்ணத்தில்தான் போடுவார்கள். ஆனால் நாளைக்கு இவருடைய ஓ.டி.பி. எல்லாம் வேறொருவர் போனுக்குப் போகும். நம்பகமான உறவினர் ஒப்புக்கொண்டால் அவர் எண், இல்லையென்றால் காலியாக விடுவதே மேல். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கேம்ப் நாள். ஆபரேட்டரோடு லேப்டாப், கைரேகைக் கருவி, கருவிழிக் கருவி, கேமரா, பிரிண்டர், ஜி.பி.எஸ். கருவி உள்ளே வர வேண்டும். ஒவ்வொன்றின் வரிசை எண்ணோடும் கண்காணிப்பாளரின் அனுமதிக் கடிதம் முந்தின நாளே கேட்டில் இருந்தால்தான் காலை பத்து மணிக்கு வேலை தொடங்கும். மொபைல் டாங்கிளை நம்பி வராதீர்கள். செல்போன் அலையைத் தடுக்கும் ஜாமர் உள்ள சிறையில் அது வெறும் பிளாஸ்டிக். நிர்வாகக் கட்டடத்தில் வயர் இணைப்பு உள்ள அறையைக் கேளுங்கள். பெண்கள் சிறைக்குப் பெண் ஆபரேட்டர். ஒருவருக்குக் கால் மணி நேரம் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். மனநோயுள்ளவர்களுக்கு அரை மணிக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கைரேகைக் கண்ணாடியில் இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், பிறகு இரண்டு கட்டைவிரல். குடியாத்தம் பக்கம் வருடக்கணக்காகப் பீடி சுற்றியவர் என்றால் ஆட்காட்டி விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். தோல் பதனிடும் தொட்டியில் சுண்ணாம்பில் வேலை செய்த கை வெடித்துப் போயிருக்கும். திரையில் சிவப்பு மாறாது. முந்தின இரண்டு இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னால் ஓரளவு தேறும். மனநோய் மருந்துகளான ஹாலோபெரிடால் சாப்பிடுகிறவருக்கும் லித்தியம் சாப்பிடுகிறவருக்கும் கை நடுங்கும், விரல் கண்ணாடியில் நிற்காது. அப்போது மேலேயிருந்து அழுத்தாமல், முழங்கைக்குக் கீழே மேசையில் மடித்த துண்டை வைத்தால் நடுக்கம் குறையும். மூன்று நான்கு முறை முயன்றும் வரவில்லை என்றால் வந்த தரத்திலேயே எடுக்க மென்பொருளில் வழி உண்டு. "ரேகை விழல, கொண்டுபோங்க" என்று திருப்பி அனுப்புவதை ஏற்காதீர்கள்.

கருவிழிக்குக் கண் அகலத் திறந்திருக்க வேண்டும். காலை மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் கண் சொக்கிக் கிடப்பவரை உட்கார வைத்துப் பயனில்லை. அதற்காக அன்றைக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரிய தப்பு. காலை டோஸ் உள்ளவர்களைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள், இரவு டோஸ் மட்டும் உள்ளவர்களை முற்பகலில் முடித்துவிடுங்கள். டோஸ் பட்டியல் சிறை மருத்துவமனை மருந்தாளுநரிடம் இருக்கும்.

படம் எடுக்கும்போது ஒரு கலர்ச் சட்டை மாட்டிவிடுங்கள். தண்டனைச் சிறைவாசியின் வெள்ளை உடை வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோய்த் தலை மட்டும் மிதக்கும். அது போக, அந்த உடுப்போடு எடுத்த படம் பல வருடம் கூடவே வரும்.

கண்ணைப் படம் பிடிக்கும் கருவியைப் பார்த்ததும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற சந்தேகமே நோயாக இருப்பவருக்கு அந்தக் கருவி வேறு எப்படித் தெரியும்? வற்புறுத்த வேண்டாம். முதலில் பக்கத்து பிளாக்கிலிருந்து வேறு ஒருவருக்கு எடுப்பதைப் பார்க்க விடுங்கள், பழகிய வார்டரை அருகில் நிற்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மாட்டேன் என்றால் அடுத்த கேம்ப். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோய் இருப்பதாலேயே முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. அதே சட்டத்தின் 23-வது பிரிவு நோய் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆதார் எடுக்க மருத்துவச் சீட்டு எதுவும் தேவையில்லை, எனவே மேசைக்கு அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு மட்டும் அந்தச் சீட்டுகள் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதம் இருந்தால் சலுகைகள். மனநோயால் வரும் குறைபாட்டை மருத்துவர் அளக்கும் அளவுகோலின் பெயர் ஐடியாஸ்: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோயின் கால அளவுக்கு 1 முதல் 4. மொத்தம் 20-இல் 7 வந்தால் 40 சதவீதம் என்று கணக்கு. சிறையில் இது குறைத்து விழும். மணியடித்தால் குளியல், மணியடித்தால் சாப்பாடு என்றிருக்கும் இடத்தில் யாருக்கும் தன்னைப் பேணுதலில் குறை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளக் குடும்பத்தாரும் பக்கத்தில் இல்லை. பிளாக் வார்டரிடமும் அறைக்காரரிடமும் கேட்டு, ஒருவர் சொல்லாமல் குளிக்கிறாரா, தட்டைக் கழுவுகிறாரா, எத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்று ஒரு பக்கம் எழுதி மருத்துவரிடம் கொடுத்தால் மதிப்பீடு உண்மைக்குப் பக்கத்தில் வரும். கால அளவைக் காட்டப் பழைய ஓ.பி. சீட்டுகள் வேண்டும். தர்காவிலும் கோயிலிலும் வருடக்கணக்கில் தங்கியிருந்தவருக்கு அந்த வருடங்களுக்குச் சீட்டே இருக்காது. உறவினர் சொல்வதை மருத்துவர் குறிப்பில் எழுத வைப்பதுதான் வழி. விண்ணப்பம், மாற்றுத்திறனாளி அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில், ஆதாரில் உள்ள அதே பெயரில். மருத்துவமனைக்குப் போக வழிக்காவல் (கூட வரும் போலீஸ்) கிடைக்காமல் தேதி தவறுவது சகஜம். வழக்கமான மறுபரிசோதனைத் தேதியோடு சேர்த்துக் கேளுங்கள், ஒரே வழிக்காவலில் இரண்டும் முடியும். இந்த அட்டையில் மனநோய் என்று குறைபாட்டின் வகை அச்சாகும். அதைக் காட்டிச் சொல்லுங்கள், வேண்டாம் என்பவருக்கு வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. வாக்காளர் அட்டை: புதிதாகச் சேர படிவம் 6, தொலைந்ததற்குப் படிவம் 8. சிறையில் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாதே தவிர, அதற்காகப் பட்டியலிலிருந்து பெயர் போகாது. சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் போகும், மனநல ஓ.பி. சீட்டு இருப்பதால் அல்ல. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 முதல் மாதம் 1,500 ரூபாய், தாசில்தார் அலுவலகம் வழியாக. அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பெரும்பாலும் ஆதார் கேட்பார்கள். ஷூ கம்பெனியில் பி.எஃப். எண்ணுக்கும் அதே கதை.

பெயில் கிடைத்தும் 7 நாளில் வெளியே போகவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறை தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவருக்குப் பாதியில் நிற்கும் அட்டை வேலையை முடிக்க அந்த நாட்களும் உதவும்.

விடுதலையன்று இரண்டு கவர். ஒன்றில் அடையாளம்: அட்டை அல்லது பதிவுச் சீட்டு, இரண்டு நகல். இன்னொன்றில் மருத்துவம்: மருந்துச் சீட்டு, அடுத்த ஓ.பி. தேதி, மனநல உதவி எண் 14416. ஒரே கவரில் போட்டால், ஆதாரைக் காட்ட எடுக்கும் இடத்தில் எல்லாம் மருந்துச் சீட்டும் வெளியே வரும். பதிவுச் சீட்டு வெயிலில் மங்கும் காகிதம். எண்ணை ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி மேலே வையுங்கள். கேட்டில் சொத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது, சேர்க்கையின்போது வாங்கிவைத்த பர்ஸும் திரும்பி வருகிறதா என்று பார்க்கவும். பல மாதம் தேடிய அட்டை சில நேரம் அதற்குள்ளேயே மடிந்து கிடக்கும்.