கால்களுக்கு முன்னால் கைகள்

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு அசைவை மீட்கும் ஆய்வுகளில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பலரும் போனில் ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். யாரோ கருவி பொருத்திக்கொண்டு நடப்பார். "எனக்கும் இதை வைத்தால் நடந்துவிடுவேனா?"

வீடியோ பொய் இல்லை. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சூசன் ஹார்கேமாவின் குழு, வலி நிவாரணத்துக்காக உருவான மின்தூண்டல் கருவியைக் கால்கள் செயலிழந்த ஒருவரின் கீழ்த் தண்டுவடத்தின் மேல் வைத்தது. அவர் எழுந்து நின்றதை 2011-ல் வெளியிட்டார்கள். கருவி ஓடும்போது கால்விரலைக்கூட நினைத்தபடி அசைத்தார். மின்சாரம் தசையை நேராகப் பிடித்து இழுப்பதில்லை. உணர்வு நரம்புகள் வழியாக நுழைந்து, காயத்துக்குக் கீழே உறங்கிக் கிடக்கும் நரம்புச் சுற்றுகளை விழிக்க வைக்கிறது. முழுமையான காயம் என்று பதிவானவர்களிலும் சிலருக்கு ஒன்றிரண்டு இழைகள் தப்பியிருக்கும். அவற்றின் வழியே கசிந்து வரும் மூளையின் மெல்லிய கட்டளைக்கு அந்த விழிப்பே போதும்.

மாதக்கணக்கான பயிற்சி மட்டும் வீடியோவில் வராது. நோயாளி ஹார்னஸில் (உடலைத் தாங்கும் பட்டைகளில்) தொங்குவார், கீழே டிரெட்மில் ஓடும். ஒருவர் இடுப்பைப் பிடிக்க, இரண்டு பேர் உட்கார்ந்து கால்களை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். (எங்கள் முதுகுவலியைப் பற்றித் தனியாக எழுதலாம்.)

அப்புறம், பழகிய பிறகு பேச்சு மாறும். சிறுநீரை அடக்க முடியுமா, ஸ்பூனைப் பிடிக்க முடியுமா, உட்கார்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது நிற்குமா? 2004-ல் ஆய்வாளர் கிம் ஆண்டர்சன் தண்டுவடக் காயம் பட்ட 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் கேட்டது கைகளை. கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் கேட்டது பாலியல் செயல்பாட்டை. இரண்டு தரப்பிலும் நடை முதலிடத்தில் இல்லை.

ஆனால் எங்கள் ஆய்வில் முன்னேற்றத்தைப் பதியும் படிவம் நடை வேகத்தையும் தூரத்தையும்தான் கேட்கிறது. ஒருவருக்கு நடை கொஞ்சமும் மாறவில்லை. பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து உட்கார வந்துவிட்டது. அவருக்கு அது பெரிய விஷயம். அதை எழுதப் படிவத்தில் இடமே இல்லை.

அதனால்தான் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த கருவி எனக்குப் பிடித்திருக்கிறது. அறுவை சிகிச்சை கிடையாது. கழுத்துத் தோலின் மேல் மின்வாய்களை ஒட்டி, பயிற்சியோடு சேர்த்துத் தூண்டுவார்கள். இலக்கு கைகள். 60 பேரிடம் நடந்த சோதனையில் பெரும்பாலானவர்களுக்குக் கையின் வலிமையும் செயல்பாடும் கூடின. நடக்கிற வீடியோ அளவுக்கு இது பரவாது. சரி, பரவாவிட்டால் என்ன? எங்கள் அடுத்த ஆய்வில் சிறுநீர்க் குறிப்பேட்டையும் கைப்பிடி வலிமையின் அளவையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அளவுகள் கூடினால் கணக்கு சிக்கலாகும் என்கிறார் புள்ளியியல்காரர். அவர் சொல்வதும் நியாயம்தான், இருந்தாலும் நான் விடுவதாக இல்லை.