வாங்கிய பிறகு

"ஒரு பட்டனை இடம் மாற்ற ஐந்து பேர்கிட்ட ஒப்புதல் வாங்கணும்டா."

மதியம் நண்பன் போனில் சொன்னது. ஆப் செய்யும் அவனுடைய சின்ன நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியிருக்கிறது.

முன்பெல்லாம் காலையில் ஒரு புகார் வந்தால் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவார்கள். இப்போது அதே வேலை பாதுகாப்புக் குழு, சட்டக் குழு, டிசைன் குழு என்று சுற்றி வருகிறது. அதற்குள் புகார் சொன்னவர் வேறு ஆப்புக்குப் போயிருப்பார்.

எனக்கு வுண்டர்லிஸ்ட் ஞாபகம் வந்தது. செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் ஆப் அது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அது ஓடியதோ அமேசான் சர்வர்களில். அதை மைக்ரோசாஃப்ட்டின் சொந்த சர்வர் சேவையான அஷூருக்கு மாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் டு டூ என்று வேறொரு ஆப்பைக் கட்டி, 2020 மே மாதம் வுண்டர்லிஸ்டை மூடினார்கள். அதற்கு முன்பே, 2019-இல், அதை உருவாக்கிய கிறிஸ்டியன் ரெபர் தனக்கே திருப்பி விற்கும்படி ட்விட்டரில் வெளிப்படையாகக் கேட்டார். நடக்கவில்லை.

பெரிய நிறுவனத்தின் கணக்கில் ஒரு சின்ன ஆப் வெறும் ஒரு வரி. அதை வாங்கச் சொன்ன அதிகாரி வேறு பொறுப்புக்குப் போய்விட்டால், அதற்காகப் பேச ஆளே இல்லை.

நிறுவனர்களும் பங்குகள் முழுதாகக் கைக்கு வரும்வரை இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிலர் அதுவரைகூடப் பொறுப்பதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று நண்பர்களுக்குப் போனில் தெரிவிக்கும் சேவையான டாட்ஜ்பாலை 2005-இல் கூகுள் வாங்கியது. போதிய ஆட்களே தரவில்லை என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான டென்னிஸ் க்ரௌலி 2007-இல் வெளியேறினார். 2009-இல் டாட்ஜ்பால் மூடப்பட்டது. அதே ஆண்டு, ஏறக்குறைய அதே யோசனையோடு அவர் ஃபோர்ஸ்கொயரைத் தொடங்கினார். அது லட்சக்கணக்கான பேரிடம் போய்ச் சேர்ந்தது.