மவுன்ட் ஆபர்ன்: மேடுபள்ளங்களை மதித்த கல்லறைத் தோட்டம்

பாஸ்டன் நகரின் பழைய இடுகாடுகளில் நெரிசல் மிகுந்து, அது மக்களின் உடல்நலத்துக்கே கேடு என்ற அச்சம் பரவியிருந்த காலத்தில், ஜேக்கப் பிக்லோ என்ற மருத்துவர் முன்வைத்த யோசனையை மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் ஏற்று, 1831இல் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தை நிறுவியது. அமெரிக்காவில் நகர நெரிசலுக்கு அப்பால் இயற்கை எழிலோடு அமைந்த கல்லறைகளுக்கு இதுவே முன்னோடி.

இதன் வடிவமைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது, தோட்டக்கலைச் சங்கத் தலைவர் ஹென்றி டியர்பார்னும் நில அளவையாளர் அலெக்சாண்டர் வாட்ஸ்வொர்த்தும் நிலத்தைச் சமன்படுத்திக் கட்டம் கட்டமாகப் பிரிக்காமல், பனியாறுகள் விட்டுச்சென்ற குன்றுகளையும் பள்ளங்களையும் குளங்களையும் மதித்து, அவற்றின் சரிவையொட்டி வளைந்து செல்லும் பாதைகளை வகுத்ததுதான். அப்பாதைகள் பலவற்றுக்கு மரஞ்செடிகளின் பெயர்களையே சூட்டினார்கள். மிக உயர்ந்த குன்றின்மீது பிக்லோ வடிவமைத்த வாஷிங்டன் கோபுரம் 1850களில் எழுந்தது.

பொதுப் பூங்காக்கள் அரிதாக இருந்த அந்நாளில் மக்கள் உலாவவும் இங்கே திரண்டார்கள் (துக்கத்துக்கும் உலாவுக்கும் ஒரே நிலம் இடந்தந்தது எனக்கு மிக மேன்மையாகத் தோன்றுகிறது). இத்தகைய கல்லறைத் தோட்டங்களில் கூடிய கூட்டத்தைச் சான்றாகக் காட்டியே, நகரங்களுக்குப் பூங்காக்கள் வேண்டுமென தோட்ட வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் வாதிட்டார். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாக அந்த வாதமும் ஒரு காரணம்.